கூவத்தில் கயாக் விடலாமா?

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை காலை. மணவாள நகரை ஒட்டிய கூவம் ஆற்றுப் பாலத்தின் மேல் வரிசையாக பைக்குகள் நிற்கின்றன. வருஷத்தில் பாதி நாள் சீமைக்கருவேலமும் மணலுமாகக் கிடக்கும் ஆறு, இன்று செம்மண் நிறத்தில் அகலமாக ஓடுகிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஆளாளுக்கு வீடியோ எடுக்கிறார்கள். ஒரு அப்பா குழந்தையைத் தோளில் ஏற்றிக் காட்டுகிறார். "பாத்துக்கோ, இதுதான் நம்ம ஊர் ஆறு!"

அந்தக் கூட்டத்தில் நான்கு நண்பர்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரகடத்தில் வேலை. இன்னொருவருக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட். மூன்றாமவர் காக்களூர் தொழிற்பேட்டை. நான்காமவர் வேலை தேடிக்கொண்டிருப்பவர். மூன்று பேருக்கும் ஷிப்ட் ஒத்துப்போய் ஒரே நாளில் லீவு கிடைப்பது தீபாவளி மாதிரி. அதனால்தான் அந்த யோசனை வருகிறது.

"மச்சான், ஆன்லைன்ல காத்தடிக்கிற கயாக் வருதுடா. நாலு பேரும் காசு போட்டா ஒண்ணு வாங்கிடலாம். இங்க இறங்கினா அப்படியே புட்லூர் வரைக்கும் மிதந்துட்டே போயிடலாம்."

"எல்லாருக்கும் நீச்சல் தெரியும்ல? அப்புறம் என்ன?"

ஆசையில் தப்பே இல்லை. ஆறு இருக்கும் ஊரில் பிறந்தவனுக்கு அதில் படகு விட ஆசை வராவிட்டால்தான் அதிசயம். ஆனால், அந்த உரையாடலில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்று, ஆற்றைப் பற்றியது. மற்றது, நீச்சலைப் பற்றியது. இரண்டும் உயிரோடு விளையாடும் பிழைகள்.

முதலில் ஆறு.

கூவம் என்றால் சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால், அது பிறப்பது சென்னையில் அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. தேவாரப் பாடல் பெற்ற திருவிற்கோலம் அதுதான். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரிந்து வரும் தண்ணீரும் இதில் சேர்கிறது. அங்கிருந்து நேப்பியர் பாலத்தருகே கடலில் கலப்பது வரை சுமார் 72 கிலோமீட்டர். அதில் மாநகரத்துக்குள் ஓடுவது ஏறக்குறைய 18 கிலோமீட்டர்தான். மிச்சமெல்லாம் நம் பக்கம். கெட்ட பெயர் வாங்கியது நகரம், சுமந்தது ஆறு.

இந்த ஆற்றில் உல்லாசப் படகு விடும் கனவும் புதிதல்ல. 1970-களின் தொடக்கத்தில், கூவம் சீரமைப்புத் திட்டத்தில், சென்னை நகருக்குள் படகுத்துறைகள் கட்டிப் படகு விட்டே பார்த்தார்கள். நீடிக்கவில்லை. சாக்கடையைத் தடுக்காமல் படகை மட்டும் மிதக்கவிட்டால் எத்தனை நாளைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு சவாரி போவது?

மணவாள நகர்ப் பக்கத்துக் கூவத்துக்குச் சிக்கல் வேறு மாதிரியானது. இங்கே தண்ணீர் ஓடுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். அதுவும் நிதானமாக ஓடாது. மேலே ஏரிகள் நிரம்பி உபரி இறங்கும்போது ஒரே மூச்சில் வரும். கோடையில் கயாக் விடத் தண்ணீர் இல்லை. மழையில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கயாக் விட முடியாது. படகு மிதக்கும் அளவுக்கு ஆறு பெருகும் நாள்தான், ஆற்றில் இறங்கவே கூடாத நாளும்.

பாலத்தின் மேலிருந்து பார்த்தால் வெள்ளம் ஒரே பரப்பாக, வழுவழுவென்று போவதுபோலத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. மணல் அள்ளிய குழிகள் அடியில் இருக்கும். நேற்றுவரை கணுக்கால் அளவு என்று தெரிந்த இடம், இன்று ஓர் ஆள் ஆழம். நீரில் பாதி மூழ்கிய கருவேல மரம் இன்னொரு எமன். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும். படகும் ஆளும் புக முடியாது. பின்னாலிருந்து வரும் நீரின் எடை படகை அந்த முள்ளோடு சேர்த்து அழுத்தும். வடை மாவை வடிகட்டியில் அழுத்துவதுபோல. தண்ணீர் வடிந்துவிடும், மாவு தங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, பார்க்க அழகாக இருப்பது: தடுப்பணை.

புட்லூர் தடுப்பணையில் தண்ணீர் வழிகிறது என்றால் சுற்றுவட்டாரமே திரண்டுவிடும். குட்டி அருவி மாதிரி இருக்கும். நான்கடி, ஐந்தடி உயரம்தானே என்று தோன்றும். ஆனால், அணையின் விளிம்பைத் தாண்டி விழும் தண்ணீர் நேராக முன்னால் ஓடிப் போய்விடுவதில்லை. அடிவரை இறங்கி, சற்றுத் தள்ளி மேலே எழும்பி, அதில் ஒரு பகுதி மேற்பரப்பு வழியாக மறுபடி அணையை நோக்கியே திரும்பி வருகிறது. இப்படியே சுழன்றுகொண்டிருக்கும். அதில் மாட்டிய பொருள் மூழ்கும், எழும், அணைக்கே இழுத்து வரப்படும், மறுபடி மூழ்கும். வெள்ளக் காலத்தில் தடுப்பணைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோ தேங்காயோ ஒரே இடத்தில் மணிக்கணக்காக ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேடிக்கையாக இருக்கும். அந்தத் தேங்காய் இருக்கும் இடத்தில் ஒரு மனிதர் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. போதாக்குறைக்கு, நுரைத்த தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் அது உடம்பைச் சாதாரணத் தண்ணீர்போலத் தூக்கிப் பிடிக்காது. நன்றாக நீந்துபவர்களே இதில் தோற்கிறார்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன செய்திகள் ஒவ்வொரு மழைக்கும் வருகின்றன.

கயாக்கில் வருபவருக்கு இன்னொரு ஆபத்து. மேலிருந்து வரும்போது தடுப்பணை கண்ணுக்கே தெரியாது. ஆறு ஒரு நேர்க்கோட்டில் முடிந்து, அதற்கப்பால் வானம் மட்டும் தெரியும். சத்தம் கேட்டுச் சுதாரிப்பதற்குள் இழுப்பு பிடித்துவிடும்.

தண்ணீரின் தரமும் இருக்கிறது. வழிநெடுக ஊர்க் கழிவுநீர் கலக்கும் ஆறு இது. காலில் ஒரு சின்னக் கீறல் போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக. கயாக் என்பது தண்ணீருக்கு மேலே உட்காரும் வாகனம் அல்ல. தண்ணீரோடு உட்காரும் வாகனம். துடுப்பிலிருந்து வழிவது மடியில்தான் விழும்.

சரி, பூண்டி பக்கத்தில்தானே என்பார்கள். பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய அது சென்னையின் குடிநீர்ப் பானை. குடிக்கிற பானையில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். அதற்குக் கீழே கொசஸ்தலை ஆற்றிலோ, மதகு திறந்தால் கரையோர ஊர்களுக்கே எச்சரிக்கை விடுகிறார்கள். விளையாட்டுப் படகுக்கு அங்கே என்ன வேலை?

இனி, நீச்சல்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்ற வாக்கியத்தைப் போல தைரியம் தருவதும் இல்லை, ஏமாற்றுவதும் இல்லை. பெரும்பாலோர் கற்றது கிணற்றில். சுற்றிலும் சுவர், எந்தப் பக்கம் நாலு கை வீசினாலும் பிடிக்கப் படி. ஓட்டம் இல்லை, காற்று இல்லை. அந்த நீச்சலை வைத்துக்கொண்டு ஓடும் நீரில் இறங்குவது, மாடிப்படியில் ஏறத் தெரியும் என்பதற்காக மலை ஏறுவது போன்றது.

அந்தக் கிணற்றிலும்கூட முதல் நாளே சும்மா தள்ளிவிடவில்லை என்பது ஞாபகம் இருக்கிறதா? முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டிவிட்டார்கள். சில ஊர்களில் வாழைத்தண்டு, சில ஊர்களில் மண்ணெண்ணெய் டின். மூழ்காமல் பார்த்துக்கொள்ள அது இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கையும் காலும் பயம் தெளிந்தன. லைஃப் ஜாக்கெட் என்பது அந்தச் சுரைக்குடுவைதான். ஆரஞ்சு நிறத்தில், கிளிப் வைத்து வருகிறது, அவ்வளவே. சுரைக்குடுவை கட்டிக்கொள்ள வெட்கப்படாத ஊரில், லைஃப் ஜாக்கெட் போட்டால் போட்டோவில் குண்டாகத் தெரிகிறேன் என்று கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்துக்கு இது வெறும் அறிவுரை அல்ல. 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காடு ஏரிக்கு உல்லாசமாகப் போன குடும்பத்தினர் ஏறிய படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். உயிர்காப்பு அங்கி யாரிடமும் இல்லை. காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு கிளம்பிய குடும்பங்கள் அவை. பழவேற்காடு ஆழமான ஏரிகூட இல்லை. பல இடங்களில் இடுப்பளவு, மார்பளவுதான். முகத்துவாரத்தை நெருங்கும்போது கடலின் ஏற்ற இறக்கம் அதை வேறு ஏரியாக மாற்றிவிடும். 'ஆழமில்லாத ஏரி' என்ற நினைப்பை வைத்துக்கொண்டு அங்கே படகு ஏறக் கூடாது.

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் மட்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேல். இதில் பலர் ஆற்றுக்குப் பிழைப்புக்காகப் போனவர்கள்கூட இல்லை. நண்பர்களோடு போனவர்கள். செல்ஃபிக்குப் போனவர்கள்.

அப்படியானால் நால்வரும் வீட்டிலேயே உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்க வேண்டியதுதானா? இல்லவே இல்லை. கொஞ்சம் தூரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

விடியற்காலை முட்டுக்காடு

மணவாள நகரிலிருந்து முட்டுக்காட்டுக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். தை, மாசி மாதங்களில் ஒரு ஞாயிறு, நாலரை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. வீட்டில் புளியோதரை கட்டிக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு ஒரு நமஸ்காரம்.

முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் இருக்கிறது. பெரும்பாலான சென்னைக் குடும்பங்களின் ஆல்பத்தில், மிதிபடகில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு படமாவது அங்கே எடுத்ததாக இருக்கும். பக்கத்தில் கோவளத்தில் அலைச்சறுக்கு சொல்லித் தரும் பள்ளிகளில் கயாக்கும், நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகையும் வாடகைக்குக் கிடைக்கின்றன. கற்றுத் தருபவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். கடல் அவர்களுக்குக் கொல்லைப்புறம். அவர்கள் "இன்னைக்கு வேணாண்ணே, காத்து சரியில்ல" என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. எழுபது கிலோமீட்டர் வந்துவிட்டோமே என்ற கணக்கு காற்றுக்குத் தெரியாது.

இந்தத் தண்ணீருக்கும் நண்பர்கள் குழுக்களுக்கும் பழைய உறவு உண்டு. முட்டுக்காடு கழிமுகத்தில் வந்து சேரும் பக்கிங்காம் கால்வாயில்தான் ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் சென்னைக்குப் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் போதாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தார்கள். பாரதிதாசன் தம் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் தோணியில் மாமல்லபுரம் போன அனுபவம்தான் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையானது. இன்று அதே கால்வாய் சென்னைக்குள் எப்படிக் கிடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முட்டுக்காட்டுப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் ஆகாயம் தெரிகிற தண்ணீர் மிச்சம் இருக்கிறது.

கயாக் நமக்குப் புதிய பெயர். ஆர்க்டிக் பனிப் பிரதேசத்து இன்யூட் மக்கள் மரச்சட்டத்தில் சீல் தோலைப் போர்த்தி, வேட்டைக்குச் செய்த ஒற்றையாள் படகு அது. இன்று வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆனால், தண்ணீரோடு ஒட்டி உட்கார்ந்து போவது தமிழனுக்குப் புதிதா என்ன? கட்டுமரம் என்ற சொல்லையே ஆங்கிலத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் நாம். ஒகேனக்கல் பரிசல் இன்னொரு பக்கம். துடுப்பு என்றதும் 'பொன்னியின் செல்வன்' பூங்குழலி ஞாபகத்துக்கு வராத வாசகர் உண்டா? கோடிக்கரையில் அவள் படகு தள்ளியபோது லைஃப் ஜாக்கெட் இல்லைதான். அவள் கடலிலேயே வளர்ந்தவள். நாம் டேங்கர் லாரித் தண்ணீரில் வளர்ந்தவர்கள்.

தொடங்குபவர்களுக்கு மேலே உட்காரும் வகைக் கயாக்கைத்தான் கொடுப்பார்கள். இடுப்புக்குக் கீழே மூடியிருக்காது. கவிழ்ந்தால் தானாக வெளியே விழுந்துவிடலாம், மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. ஏறுவதற்கு முன் லைஃப் ஜாக்கெட்டின் எல்லா கிளிப்பையும் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மிதக்கும், ஆள் உள்ளே நழுவுவார். குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கு ஏற்ற ஜாக்கெட் வேண்டும். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டி ஒப்பேற்றுவது, அண்ணன் செருப்பைத் தம்பிக்குப் போட்டுவிடுவது போலத்தான். நடக்கலாம், ஓட முடியாது.

துடுப்பில் இரண்டு பக்கமும் தகடு இருக்கும். முதல் பத்து நிமிஷம் எல்லோரும் கையால் போடுவார்கள். தோள் கடுக்கும், படகு பாம்பு மாதிரி நெளியும், நேரே போகாது. கிணற்றில் கயிறு இழுத்துத் தண்ணீர் சேந்தியவர்களுக்கு ரகசியம் உடனே பிடிபடும்: இழுப்பது கை அல்ல, இடுப்பு. உடம்பை லேசாகத் திருப்பி, துடுப்பைக் காலுக்குப் பக்கத்தில் ஆழ்த்தி, இடுப்பருகே வெளியே எடுக்க வேண்டும். தண்ணீரை அடிக்கக் கூடாது. சத்தம் எழுந்தால் சக்தி வீணாகிறது என்று பொருள்.

இரட்டை இருக்கைக் கயாக்கில் வேறு நாடகம். முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை. முன்னவர் தம் இஷ்டத்துக்குப் போட, பின்னவர் அதைப் பார்த்துப் போட வேண்டும். ஆட்டுரலில் ஒருவர் குழவி சுற்ற, இன்னொருவர் மாவு தள்ளிவிடுவாரே, அதே ஒத்திசைவு. கொஞ்சம் பிசகினால் விரல் நசுங்கும். இங்கே துடுப்பும் துடுப்பும் மோதும். கணவன், மனைவி சேர்ந்து ஏறினால் கரையில் இருப்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "நீங்க இடது பக்கம் போடுங்கன்னு சொன்னேன்ல?" என்ற குரல் தண்ணீரில் வெகுதூரம் கேட்கும்.

ஆனால், உண்மையில் முதலில் கற்க வேண்டியது துடுப்புப் போட அல்ல, கவிழ. மார்பளவுத் தண்ணீரில், கற்றுத் தருபவர் பக்கத்தில் நிற்க, ஒவ்வொருவரும் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து மறுபடி ஏறிப் பார்க்க வேண்டும். விழுந்தால் துடுப்பையும் படகையும் விடக் கூடாது. படகின் பக்கவாட்டில் வந்து, காலை உதைத்து, வயிற்றால் ஏறிப் படுத்து, பிறகு திரும்பி உட்கார வேண்டும். முதல் தடவை நாலு பேரும் சிரிப்பார்கள். எட்டாவது தரம் முயன்றும் ஏற முடியாமல் மூச்சு வாங்கும்போது சிரிப்பு நின்றுவிடும். கிணற்று நீச்சல்காரருக்கே அப்போதுதான் புரியும், ஜாக்கெட் இல்லாமல் இருந்திருந்தால் இந்த எட்டுத் தரம் கிடைத்திருக்காது என்று.

அடுத்த பாடம், தண்ணீரைப் பார்ப்பது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் தூண்களை நோக்கிப் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். முகத்துவாரம் திறந்திருந்து, கடல் வற்றத்தில் இருந்தால் கழிமுகத்து நீர் தூண்களைக் கடந்து கடலுக்கு ஓடும். ஆனால் தூணுக்குப் பின்னால், நிழல் மாதிரி ஓரிடத்தில், தண்ணீர் எதிர்த்திசையில் சுழன்று திரும்பும். தெரிந்தவர் அந்த இடத்தில் படகைச் செருகி இளைப்பாறுவார். தெரியாதவருடைய படகின் மூக்கு அந்த நீரில், வால் ஓட்டத்தில். ஒரே திருப்பு, ஆள் தண்ணீரில். பாலத்துக்கு அப்பால் முகத்துவாரம், அதற்கப்பால் கடல். முதல் நாள்காரர்களைப் பாலத்தின் இந்தப் பக்கமே நிறுத்துவது அதனால்தான்.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் நீர், பகல் ஏற ஏறக் கடற்காற்றில் சிலுசிலுக்கத் தொடங்கும். போகும்போது காற்று முதுகில் இருந்தால் நம் கைவண்ணம் என்று நினைத்துக்கொள்வோம். திரும்பும்போதுதான் அது யார் வண்ணம் என்று தெரியும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புவதே புத்திசாலித்தனம். குழுவில் மெதுவாகப் போகிறவர் முன்னால், நன்றாகப் போடுபவர் கடைசியில். பாதயாத்திரைக் குழுக்கள் கடைப்பிடிக்கும் அதே வழக்கம். மது வாடை அடித்தால் அன்றைய பயணம் ரத்து. எத்தனை மணிக்குக் கரை திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட வேண்டும்.

போன் வேண்டுமா? உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் நடுத் தண்ணீரில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ரீல்ஸ் எடுப்பவரின் படகு, காற்று சொன்ன பக்கம்தான் போகும்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு கட்டத்தில் பேச்சு நின்றுவிடும். கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்று பார்க்கும். படகின் சத்தம் இல்லாததால் பறக்காது. மீன் ஒன்று துள்ளி விழும். வாரம் முழுக்க இரைச்சலில் காது மரத்துப்போன கும்மிடிப்பூண்டிக்காரருக்கு, துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் தனியாகக் கேட்கும். இதற்குத்தான் இத்தனையும்.

இன்னும் தூரம் போக முடிந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குப் பக்கத்தில், காரங்காடு இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் கயாக்கும் உண்டு. வருமானம் ஊருக்குப் போகிறது. காட்டைப் பாதுகாப்பது ஊரின் வேலையாகவே ஆகிவிடுகிறது. கேரளத்தில் இன்னொரு நல்ல காரியம் நடக்கிறது. நம் நீலகிரி மலைப் பகுதியில் பிறந்து அங்கே ஓடும் சாலியாற்றில், நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை 68 கிலோமீட்டரை மூன்று நாட்களில் துடுப்புப் போட்டுக் கடக்கிறார்கள். போட்டி அல்ல. பெரியவர், சிறியவர், புதியவர் எல்லோரும் சேர்ந்து, வழியில் மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் பைகளையும் பொறுக்கிப் படகில் போட்டுக்கொண்டே போகிறார்கள். ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பவருக்குக் குப்பை தெரியாது, தண்ணீர் மட்டும்தான் தெரியும். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ ஒவ்வொரு சாஷே பாக்கெட்டும் முகத்துக்கு நேரே வரும்.

2015 டிசம்பரில் அடையாறும் கூவமும் ஊருக்குள் நுழைந்தபோது, மீனவர்களின் படகுகள்தான் தெருத்தெருவாக வந்து ஆட்களை ஏற்றின. அன்று அந்தப் படகில் ஏறியவர்களில் எத்தனையோ பேருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் படகுப் பயணம். எங்கே உட்காருவது, எதைப் பிடிப்பது, எப்போது எழுந்திருக்கக் கூடாது என்று தெரியாமல் தவித்தார்கள். ஆறுகளுக்கு நடுவே குடியிருக்கிற மாவட்டத்தில் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ள வாய்ப்பு இருந்தால் வேண்டாம் என்று சொல்வானேன்?

நம் நால்வர் குழுவும் முட்டுக்காடு போய்வந்து, புளியோதரையைக் காலி செய்து, தோள் வலியோடு திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போயிருக்கும். காற்றடிக்கும் கயாக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பெட்ரோல் போக மிச்சம் இன்னும் இருக்கும்.

அடுத்த ஐப்பசியில் மணவாள நகர்ப் பாலத்தின் மேல் மறுபடியும் பைக்குகள் நிற்கும். கூவம் மறுபடியும் செம்மண் நிறத்தில் ஓடும். எல்லோரும் வீடியோ எடுத்துக்கொண்டிருக்க, நால்வரில் ஒருவர் மட்டும் போனை எடுக்காமல், சுவரைப் பிடித்துக் குனிந்து தூணுக்குப் பின்னால் பார்ப்பார். அங்கே ஒரு தெர்மோகோல் துண்டு, ஓட்டத்தோடு போகாமல், எதிர்ப்பக்கம் திரும்பி வந்து தூணைத் தொட்டுவிட்டு, மறுபடி சுற்றிக்கொண்டிருக்கும்.

"டேய், இங்க வந்து இதப் பாருங்கடா" என்று மற்ற மூவரையும் கூப்பிடுவார்.